கட்டிக்குள் நீர் நகரும் விதம்: டிஃப்யூஷன் படங்களை வாசிப்பது

மூளைக்கட்டி இருக்குமோ என்ற சந்தேகத்தில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. பரிசோதனையில் டிஃப்யூஷன் தொடருக்கு ஒன்றிரண்டு நிமிடம்தான் ஆகும். ஊசி மருந்து தேவையில்லை. சிறுநீரகம் பழுதானவர், கர்ப்பிணி என்று கான்ட்ராஸ்ட் கொடுக்கத் தயங்கும் நோயாளிகளுக்கும் எடுக்கலாம். பக்கவாதத்துக்கான படம் என்று பெயர் வாங்கிவிட்டதால், கட்டி நோயாளியின் படத்தொகுப்பில் இதை ஒரு பார்வை பார்த்துவிட்டு கான்ட்ராஸ்ட் படங்களுக்குத் தாவிவிடும் பழக்கம் பலருக்கும் இருக்கிறது. கட்டி இன்ன வகை என்று முடிவாகச் சொல்ல வேண்டியது திசு ஆய்வும் மரபணுச் சோதனையும்தான். ஆனால் அதற்கு முன்பே எடுக்கவேண்டிய முடிவுகள் சில உண்டு. துளைபோட்டு உறிஞ்சி எடுப்பதா, மண்டையைத் திறப்பதா? ஸ்டீராய்டு இன்றே தொடங்கலாமா, நிறுத்தி வைப்பதா? பயாப்சி ஊசி கட்டியின் எந்த மூலைக்குப் போக வேண்டும்? இவற்றைப் புரட்டிப்போடும் சக்தி இந்த இரண்டு நிமிடப் படத்துக்கு உண்டு. இந்த அத்தியாயம் அந்த முடிவுகளை ஒட்டியே செல்லும்.

எதை அளக்கிறோம்

உடல் வெப்பத்தில் நீர் மூலக்கூறுகள் ஓயாமல் அலைந்துகொண்டிருக்கின்றன. மகரந்தத் துகள்கள் நீரில் துடிப்பதை ராபர்ட் பிரவுன் 1827இல் கவனித்தார். அந்த அலைச்சலுக்கான கணக்கை ஐன்ஸ்டைன் 1905இல் எழுதினார். காந்தப்புலச் சரிவுகளை இரட்டையாகக் கொடுத்து அதை அளக்கும் முறையை ஸ்டெஸ்கல், டானர் இருவரும் 1965இல் வெளியிட்டார்கள். மனித மூளைக்கு அதைக் கொண்டுவந்தவர் பிரெஞ்சு மருத்துவர் டெனி லெ பியான். அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1986இல் வந்தது.

முதல் சரிவு, மூலக்கூறுகள் இருக்கும் இடத்துக்கு ஏற்ப அவற்றின் சுழற்சியைக் கலைத்துவிடும். சற்றுப் பின்னர் வரும் இரண்டாவது சரிவு கலைத்ததைச் சரிசெய்யும். இடைப்பட்ட நேரத்தில் இடம் மாறாத மூலக்கூறுகளுக்கே அது முழுமையாகச் சரியாகும். நகர்ந்துவிட்டவை சிக்னலை இழக்கும். ஆகவே நீர் தாராளமாக அலையும் இடம் கறுக்கும். அலைய முடியாத இடம் வெளுக்கும். நெல் மூட்டைகள் நெருக்கி அடுக்கிய அறைக்குள் நடப்பவனின் நிலைதான், செல்கள் நெருங்கிய கட்டிக்குள் நீரின் நிலையும். சீழ் வேறு காரணத்தால் அதே விளைவைத் தரும்: கெட்டியான புரதமும் செத்த வெள்ளணுக்களும் நீரைப் பிடித்துவைக்கும். செல்கள் அழுகிக் கரைந்த கட்டியின் நடுப்பகுதியிலோ தடுக்க ஒன்றுமில்லை, நீர் அலையும்.

சரிவின் வலிமை, நேரம் எல்லாம் சேர்ந்த எண்தான் பி மதிப்பு. மூளைக்கு வழக்கமாக 0, 1000 என்று இரண்டு எடுப்பார்கள். அலகு வினாடி/மி.மீ². பி 1000 படத்தை மூன்று திசைகளில் எடுத்துச் சராசரி பார்ப்பது வழக்கம். இந்த இரண்டிலிருந்து கணினி ஏ.டி.சி. என்ற மூன்றாவது வரைபடத்தைத் தயாரிக்கும். நீரின் அலைச்சலை எண்ணாகச் சொல்வது அந்த வரைபடம்தான்.

கையால் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

பி 0 சிக்னலை பி 1000 சிக்னலால் வகுத்து, அதன் இயல் மடக்கையை எடுத்து, 1000ஆல் வகுத்தால் ஏ.டி.சி. வந்துவிடும். கணினி செய்யும் வேலைதானே என்று விட்டுவிடாதீர்கள். கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தவரை, இந்தத் துறையில் எல்லோரும் விழும் பள்ளம் எளிதில் இழுக்காது.

ஒரு கட்டியில் பி 0 சிக்னல் 1600, பி 1000 சிக்னல் 480 என்று வைத்துக்கொள்வோம். எதிர்ப்பக்கத்து நல்ல வெண்பொருளில் 700, 330. பி 1000 படத்தை மட்டும் பார்ப்பவருக்குக் கட்டி வெளுத்துத் தெரியும், 480 என்பது 330ஐவிட அதிகமல்லவா? அறைக்குள்ளிருந்து "சார், ரெஸ்ட்ரிக்‌ஷன் இருக்கு" என்று குரல் வரும். கணக்கைப் போடுங்கள். கட்டியில் 1600/480இன் இயல் மடக்கை 1.20, ஆக ஏ.டி.சி. 1.20 × 10⁻³ மி.மீ²/வினாடி. நல்ல மூளையில் 0.75. கட்டிக்குள் நீர் நல்ல மூளையைவிடத் தாராளமாகவே அலைகிறது. பி 0 படத்திலேயே டி2 வெளுப்பு மிக அதிகமாக இருந்ததால், சிக்னல் பெரிதும் குறைந்த பின்னரும் மிச்சமிருந்ததுதான் கண்ணை ஏமாற்றியது. டி2 ஷைன்த்ரூ என்று இதைச் சொல்வார்கள். பி 1000 படத்தில் வெளுப்பு, ஏ.டி.சி. வரைபடத்தில் கறுப்பு, இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தால்தான் ரெஸ்ட்ரிக்‌ஷன் என்ற சொல்லை வாயிலெடுக்கலாம். அப்போதும் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பின்னரே.

மனத்தில் பதிய வேண்டிய எண்கள் அதிகமில்லை. மூளைத் தண்டுவட நீர் 3-ஐ ஒட்டி நிற்கும். பெரியவர்களின் வெண்பொருள் 0.7 முதல் 0.8, சாம்பல்பொருள் அதை ஒட்டியோ சற்றே கூடுதலாகவோ. எல்லாம் 10⁻³ மி.மீ²/வினாடி அலகில். பிறந்த குழந்தையின் மூளையில் நீர் அதிகம், எண்களும் அதிகம். பெரியவர் அளவுகோலை அங்கே கொண்டுபோகக் கூடாது. இன்னொரு தொல்லை, எல்லா நிறுவனத்துக் கருவிகளும் ஒரே அலகில் காட்டுவதில்லை. ஒன்றில் 0.78 என்று வரும், மற்றொன்றில் அதே 780 என்று வரும். வேறு ஊரில் எடுத்த பழைய படத்தோடு ஒப்பிடும்போது முதலில் அலகைப் பாருங்கள். பிறகு மூளை அறைக்குள் ஒரு வட்டம் போட்டு அங்குள்ள நீர் 3-க்கு அருகில் காட்டுகிறதா என்று சோதியுங்கள். காட்டவில்லை என்றால் கட்டியின் எண்ணையும் நம்ப வேண்டாம்.

வட்டத்தை எங்கே போடுவது

ஏ.டி.சி. எண்ணின் மதிப்பு, அதை அளக்கும் வட்டம் எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தது. அழுகிய நடுப்பகுதி, ரத்தம், சுண்ணாம்புப் படிவு, நீர்ப்பை, பக்கத்து மூளை அறை இவற்றில் எது வட்டத்துக்குள் வந்தாலும் எண் பாழ். கான்ட்ராஸ்ட் ஏறிய படத்தையும் ரத்தத்தைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஐ. படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கெட்டியான பகுதியில் சின்னச் சின்ன வட்டங்களாக நாலைந்து போட்டு, அவற்றில் மிகக் குறைந்ததை எடுத்துக்கொள்வது நல்ல வழக்கம். எதிர்ப்பக்க வெண்பொருளிலும் ஒன்று போட்டு விகிதம் பாருங்கள். கருவிக்குக் கருவி எண் கொஞ்சம் மாறும். விகிதம் அவ்வளவு மாறாது.

கட்டி முழுவதையும் சுற்றி ஒரே பெரிய வட்டம் போட்டுச் சராசரி எழுதும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. ஓரத்தில் நெருக்கமும் நடுவில் அழுகலுமாக இருக்கும் கட்டிக்கு அந்தச் சராசரி எந்தப் பகுதியையும் சொல்லாது. கட்டி முழுவதையும் எடுக்க விரும்புகிறவர்கள் சராசரிக்குப் பதில் எண்களின் பரவலை வரைந்து, கீழ் முனையைப் பார்க்கட்டும். 3டி ஸ்லைசர் போன்ற இலவச மென்பொருளிலேயே இதைச் செய்யலாம்.

டிஃப்யூஷன் படங்கள் எடுக்கப்படும் வேகமான முறைக்கு ஒரு குறை உண்டு: காற்றும் எலும்பும் சந்திக்கும் இடங்களில் படம் கோணிப்போகும். நெற்றிச் சைனஸுக்கு மேலே, காது எலும்புக்குப் பக்கத்தில், பல்லில் கம்பி போட்டவரின் முன்மூளையில் தெரியும் வெளுப்பை உடனே நம்பிவிடாதீர்கள்.

வளையமாகத் தெரியும் கட்டி

டிஃப்யூஷன் படத்தின் மதிப்பு முழுதாக வெளிப்படும் இடம் இது. கான்ட்ராஸ்ட் கொடுத்ததும் ஓரம் மட்டும் வளையமாக ஒளிர்கிறது, நடுவே ஏதோ இருக்கிறது, சுற்றிலும் வீக்கம். காய்ச்சல் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மூளைச் சீழ்க்கட்டி வந்த பலருக்குக் காய்ச்சலே இருப்பதில்லை. சீழ்க்கட்டியா, கிளியோபிளாஸ்டோமாவா, நுரையீரலிலோ மார்பிலோ தொடங்கிப் பரவிய புற்றா?

நடுப்பகுதியைப் பாருங்கள். பாக்டீரியா சீழ்க்கட்டியின் நடுப்பகுதி பி 1000இல் பளீரென்று வெளுத்து, ஏ.டி.சி. வரைபடத்தில் கறுத்திருக்கும், எண் பெரும்பாலும் 0.7-ஐச் சுற்றியோ அதற்குக் கீழோ வரும். கிளியோபிளாஸ்டோமாவின் அழுகிய நடுப்பகுதியில் நேர்மாறு, ஏ.டி.சி. பெரும்பாலும் 1.5-ஐத் தாண்டும். அங்கே ரெஸ்ட்ரிக்‌ஷன் இருந்தால் ஒளிரும் ஓரச் சுவரில்தான் இருக்கும். சீழ்க்கட்டி என்றால் துளைபோட்டு உறிஞ்சி, கிருமி வளர்த்துப் பார்த்து, வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக். கிளியோபிளாஸ்டோமா என்றால் முடிந்தவரை வெட்டி எடுத்துவிட்டு கதிர்வீச்சும் டெமோசோலமைடும். சிகிச்சை எதிரெதிர் திசையில் போவதால்தான் இந்த ஒரு படம் நள்ளிரவிலும் தேவைப்படுகிறது.

விதிவிலக்குகளைத் தெரியாமல் இந்த விதியைக் கையாளக் கூடாது. ரத்தம் கசிந்த கட்டி சீழ்போலவே காட்டும், எஸ்.டபிள்யூ.ஐ. பார்க்காமல் முடிவுசெய்ய வேண்டாம். பரவிய புற்றுகளில் சில, நடுவில் கெட்டியான சளிபோன்ற பொருளைக் கொண்டிருக்கும்போது ஏ.டி.சி. குறையும். பூஞ்சைக் கட்டியிலும் டாக்ஸோபிளாஸ்மாவிலும் நடுப்பகுதியில் ரெஸ்ட்ரிக்‌ஷன் இல்லாமலே போகலாம். ஆன்டிபயாடிக் ஏற்கெனவே சில வாரம் ஓடியிருந்தாலும் ஏ.டி.சி. ஏறத் தொடங்கிவிடும். ஆகவே படம் எடுத்த தேதியோடு மருந்து தொடங்கிய தேதியையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் படிப்பவருக்கு மேல்நாட்டுப் பாடநூல்கள் அதிகம் பேசாத இரண்டு வளையங்களும் உண்டு: காசநோய்க் கட்டி, நாடாப்புழுவின் நீர்ப்பை. காசநோய்க் கட்டி ஒரு நிலையில் இருப்பதில்லை. நடுப்பகுதி பாலாடைபோலக் கெட்டியாக இருக்கும்வரை டி2 படத்தில் கறுத்து நிற்கும். டிஃப்யூஷனில் உறுதியான அடையாளம் கிடைக்காது. உள்ளே இளகித் திரவமானால் சீழ்க்கட்டி மாதிரியே வெளுக்கும். அங்கே மார்பு எக்ஸ்ரேயும் ஸ்பெக்ட்ரோஸ்கோபியில் கொழுப்பு உச்சமும் டிஃப்யூஷனைவிட அதிகம் பேசும். நாடாப்புழு நீர்ப்பையில் திரவம் மூளைத் தண்டுவட நீர்போல ஏ.டி.சி. வரைபடத்தில் வெளுத்திருக்க, ஓரத்தில் புழுவின் தலை சின்னப் புள்ளியாகத் தெரிந்தால் பிரச்சினை தீர்ந்தது. வலிப்போடு வந்தவரிடம் ஒற்றைச் சிறு வளையம் மட்டும் தெரிந்தால், வேலூர் சி.எம்.சி. நரம்பியல் அறுவை மருத்துவர்கள் 1990களில் சி.டி. படங்களை வைத்து வகுத்த அளவுகோல் இன்றும் உதவும்: 20 மி.மீ.க்குள் இருந்து, ஓரம் ஒழுங்காக, நடுக்கோடு நகராமல் இருந்தால் நாடாப்புழுப் பக்கம் சாயலாம்; அதைத் தாண்டினால், ஓரம் கரடுமுரடானால், நடுக்கோடு நகர்ந்தால் காசநோயை நினைக்க வேண்டும். அளவுகோலால் அளப்பது டிஃப்யூஷனை வெல்லும் இடங்களில் இது ஒன்று.

ஸ்டீராய்டுக்கு முன்

மூளையிலேயே தொடங்கும் லிம்போமா பெரும்பாலும் மூளை அறைகளை ஒட்டியோ இரு பாதிகளை இணைக்கும் கார்ப்பஸ் கலோசத்திலோ உட்காரும். கான்ட்ராஸ்ட்டில் முழுக்கச் சீராக ஒளிரும். செல்கள் மிக நெருக்கமாக இருப்பதால் ஏ.டி.சி. நல்ல வெண்பொருளுக்குச் சமமாகவோ அதற்குக் கீழேயோ இறங்கும். கிளியோபிளாஸ்டோமாவின் கெட்டிப் பகுதியும் சில நேரம் அந்த எல்லைக்கு வரும் என்பதால் எண்ணை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஆனால் இடம், ஒளிர்வு, ஏ.டி.சி. மூன்றும் ஒரே பக்கம் சாயும்போது சிகிச்சை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்ல வேண்டும். அறிக்கை தட்டச்சாகி, கையெழுத்தாகி, வார்டுக்குப் போகும்வரை காத்திருக்க நேரமில்லை. வீக்கத்தைப் பார்த்ததும் டெக்சாமெதசோன் போடுவது எல்லா வார்டிலும் கை வந்த பழக்கம். லிம்போமா செல்கள் ஸ்டீராய்டில் கரைந்துபோகும். கட்டி சுருங்கி நோயாளி தெளிந்துவிடுவார். பயாப்சியில் ஒன்றும் கிடைக்காது. சில மாதங்களில் கட்டி திரும்பும். அழுத்தம் ஏறி மூளை பிதுங்கும் ஆபத்து இருந்தால் ஸ்டீராய்டு கொடுத்துத்தான் ஆக வேண்டும். இல்லையென்றால் பயாப்சி முடியும்வரை காத்திருக்கலாம்.

ஹெச்.ஐ.வி. உள்ளவரின் லிம்போமா நடுவில் அழுகி வளையமாகவும் தெரியும். அவர்களிடம் மேலே சொன்ன அடையாளம் பாதிதான் செல்லும்.

சுருக்கமாகச் சில

சிறுமூளைப் பகுதியில் கட்டியோடு வரும் குழந்தைகளுக்கு ஏ.டி.சி. நன்றாகவே உதவும். மெடுல்லோபிளாஸ்டோமா செல் நெருக்கத்தால் பெரும்பாலும் 0.9-க்குக் கீழே நிற்கும். பைலோசைடிக் ஆஸ்ட்ரோசைட்டோமா 1.4-ஐத் தாண்டும், எபென்டிமோமா இடையில். காதுக்குப் போகும் நரம்பை ஒட்டிய இடுக்கில், மூளை நீர்போலவே டி2-வில் தெரியும் பை எபிடெர்மாய்டா, வெறும் அரக்னாய்டு நீர்ப்பையா என்ற சந்தேகத்துக்கு பி 1000 படம் ஒன்றே போதும்: வெளுத்தால் முன்னது, கறுத்தால் பின்னது. அறுவைக்குப் பின் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கவும் அதே படம். மெனிஞ்சியோமாவின் தரத்தை ஏ.டி.சி. வைத்துச் சொல்ல முயல வேண்டாம்.

கிளியோமாவின் தரம் பற்றி

தரம் கூடக் கூட செல் நெருக்கம் கூடும், ஏ.டி.சி. குறையும் என்பது பொதுவாகச் சரி. ஆனால் எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. ஆலிகோடென்ட்ரோகிளியோமா தரம் குறைவாக இருந்தும் ஏ.டி.சி.யில் தாழ்ந்து நிற்கும். மேலும் 2021இல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு ஐ.டி.ஹெச். மரபணு மாற்றத்தையும் குரோமோசோம் இழப்பையும் முன்னிறுத்துகிறது; நுண்ணோக்கியில் சாதுவாகத் தெரியும் கட்டிகூடச் சில மரபணு அடையாளங்கள் இருந்தால் கிளியோபிளாஸ்டோமா ஆகிவிடும். ஆகையால் தரத்தை எண்ணால் ஊகிப்பதைவிட, பயாப்சிக்கு இடம் காட்டுவதே டிஃப்யூஷன் செய்யும் பெரிய உதவி என்பது என் கருத்து. கான்ட்ராஸ்ட் ஏறாத கட்டியில் ஊசி எங்கே போக வேண்டும் என்று அறுவை மருத்துவர் கேட்டால், கெட்டியான பகுதியில் ஏ.டி.சி. மிகக் குறைந்த இடத்தைக் காட்டுங்கள். ரத்த ஓட்டத்தைக் காட்டும் பெர்ஃப்யூஷன் படமும் அதே இடத்தைக் காட்டினால் நல்லது.

சிகிச்சைக்குப் பிறகு

அறுவை முடிந்து 48 மணி நேரத்துக்குள் எடுக்கும் படத்தில் டிஃப்யூஷனைத் தவறவிடாதீர்கள். வெட்டிய குழியின் ஓரத்தில் மெல்லிய ரெஸ்ட்ரிக்‌ஷன் இருந்தால் அது பெரும்பாலும் ரத்தம் நின்றுபோன திசு. சில வாரங்கள் கழித்து அதே இடம் கான்ட்ராஸ்ட்டில் ஒளிரும். முதல் படம் கையில் இல்லாதவர் கட்டி திரும்பிவிட்டது என்று எழுதிவிடுவார்.

கதிர்வீச்சும் டெமோசோலமைடும் முடிந்த முதல் மூன்று மாதங்களில், கட்டி வளராமலே வளர்ந்ததுபோல் ஒளிர்வு பெருகுவதுண்டு. உண்மையான வளர்ச்சியில் ஏ.டி.சி. தாழ்ந்தும் கதிர்வீச்சுப் பாதிப்பில் உயர்ந்தும் இருக்கும் என்ற போக்கு உதவும், ஆனால் தனியாக நிற்காது. ஒரு நாள் படத்தைவிட, ஒரே கருவியில் ஒரே முறையில் எடுத்த அடுத்தடுத்த படங்களின் போக்கு நம்பகமானது. பெவாசிசுமாப் பெற்றவரிடம் மட்டும் எச்சரிக்கை: மாதக்கணக்கில் மாறாமல் நிற்கும் அடர்ந்த ரெஸ்ட்ரிக்‌ஷன் செத்துறைந்த திசுவாகவும் இருக்கலாம்.

நரம்புப் பாதைகளின் வண்ணப்படம்

வெண்பொருளில் நீர் இழைகளின் நீளவாக்கில் எளிதாகவும் குறுக்கே தயங்கியும் நகரும். பல திசைகளில் அளந்தால் இழை போகும் திசையைக் கணிக்கலாம். பாசர், மாட்டியெல்லோ, லெ பியான் மூவரும் 1994இல் இதற்கான முறையை வகுத்தார்கள். குறைந்தது ஆறு திசைகள் வேண்டும். 30 அல்லது அதற்கு மேல் எடுத்தால்தான் நம்பிக்கையோடு வேலை செய்யலாம். வண்ணப்படத்தில் இடமும் வலமும் போகும் இழைகள் சிவப்பு, முன்னும் பின்னும் போவது பச்சை, மேலும் கீழும் போவது நீலம். கையையும் காலையும் இயக்கும் கார்டிகோஸ்பைனல் பாதை கட்டியால் தள்ளப்பட்டிருக்கிறதா, ஊடுருவப்பட்டிருக்கிறதா என்று அறுவைக்கு முன் பார்க்க இது உதவும்.

அறுவை மருத்துவருக்கு இந்தப் படத்தைக் கொடுக்கும்போது அதன் குறையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கட்டியைச் சுற்றிய வீக்கத்தில் கணக்கு தடுமாறி, கணினி வரைந்த கோடு நடுவழியில் அறுந்துபோகும். இழைகள் குறுக்கிடும் இடங்களில் முகத்துக்கும் கைக்கும் போகும் பாதைகள் படத்திலிருந்து காணாமலே போகும். கோடு இல்லாத இடத்தில் நரம்பு இல்லை என்று நினைத்து வெட்டினால் நோயாளிக்குக் கை விழும். மண்டையைத் திறந்ததும் மூளை இடம் பெயர்வதால், காலையில் எடுத்த படம் மதியம் மேசையில் இருக்கும் மூளையோடு அச்சுக்கு அச்சு பொருந்தாது. கடைசி வார்த்தை, அறுவையின்போது மின்தூண்டல் கொடுத்துப் பார்ப்பதுதான்.

அறிக்கையில் எழுதும் விதம்

"டிஃப்யூஷன் ரெஸ்ட்ரிக்‌ஷன் காணப்படுகிறது" என்று ஒற்றை வரியில் முடிக்கும் அறிக்கைகள் ஏராளம். கட்டியின் நடுவிலா, சுவரிலா, சுற்றிலுமா? எண் என்ன, எதிர்ப்பக்கம் என்ன? ரத்தம் உண்டா? வாசிக்கும் மருத்துவருக்கு ஒன்றும் கிடைக்காது. மாறாக இப்படி எழுதலாம்: வலது முன்மூளையில் ஓரம் ஒளிரும் கட்டி, நடுப்பகுதி முழுவதும் பி 1000இல் வெளுப்பு, ஏ.டி.சி. 0.6 × 10⁻³ மி.மீ²/வினாடி, எதிர்ப்பக்க வெண்பொருள் 0.76, எஸ்.டபிள்யூ.ஐ. படத்தில் நடுப்பகுதியில் ரத்தம் இல்லை, ஆன்டிபயாடிக் இன்னும் தொடங்கவில்லை என வார்டிலிருந்து தகவல், சீழ்க்கட்டிக்குப் பெரிதும் பொருந்துகிறது, அழுகிய கட்டிக்கு வாய்ப்பு குறைவு, இரவு 11.40க்கு நரம்பியல் அறுவைப் பணி மருத்துவரிடம் தொலைபேசியில் தெரிவிக்கப்பட்டது.